இந்தப் படத்தில் ஒரு பெண் இருக்கிறாள்

ஜன்னல் சீட்ட நீங்களே வச்சுக்கங்க. எனக்கு எதிர்காத்து ஆகாது, தலைவலி வந்துரும். இந்தப் பையை மட்டும் மடியிலயே வச்சுக்கறேன். உள்ள ஒரு கவர் இருக்கு, மடங்கிடக் கூடாது. ஆமா, திருச்சிக்குத்தான். கல்வி ஆபீசுக்குப் போறேன், விளக்கக் கடிதம் குடுக்க. துறையூர்ல முப்பத்தொரு வருஷம் டீச்சரா இருந்தாச்சு, இன்னிக்கு வரைக்கும் ஏன் இப்படிச் செஞ்சேன்னு ஒருத்தர் என்னைக் கேட்டதில்ல. இன்னும் ஒன்றரை வருஷத்துல ரிட்டையர்மென்ட். இப்பக் கேக்கறாங்க. எதுக்குன்னா, ஒரு படத்துக்கு.

சினிமாப் படம் இல்லீங்க. சுவத்துல மாட்டுற படம்.

நாலாம் வகுப்பு நாகரத்தினம் டீச்சர்னு எங்க ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. எய்டட் ஸ்கூல். என் கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆபீசர் வாசல்ல வந்து நின்னாப் போதும், முப்பத்தெட்டும் கையைக் கட்டிக்கிட்டு எழுந்து நிக்கும். என்ன கேட்டாலும் முப்பத்தெட்டும் ஒரே குரல்ல சொல்லும். ஒரு வார்த்தை முன்னப்பின்ன இருக்காது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா ஒரே பிள்ளை பேசற மாதிரி இருக்கும். அப்படி வளர்த்தவ நான். இந்த வருஷம் நல்லாசிரியர் விருதுக்கு என் பேரைத்தான் அனுப்பறதா இருந்தாங்க. அனுப்பறதா இருந்தாங்க, அவ்வளவுதான்.

திருச்சியில ஒரு பழைய பங்களாவை ஓவியக்கூடமா மாத்தி வச்சிருக்காங்க. யாரோ பெரிய மனுஷங்க டிரஸ்ட்டு. அங்கேருந்து ஜூலை மாசம் தாரிணின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். முடியைக் கழுத்தோட வெட்டி விட்டிருக்கு, பொட்டு இல்ல. நான் அதுக்குன்னு நாற்காலி போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன், அது பாட்டுக்குச் செருப்பைக் கழட்டிட்டுப் பிள்ளைங்க நடுவுல தரையில உட்காந்துருச்சு. எனக்கு அப்பவே சரியாப் படல.

விஷயம் என்னன்னா, பத்து ஸ்கூலை எடுத்துக்கிட்டாங்க. முதல்ல அவங்க கிளாசுக்கு வந்து ஒரு படத்தோட அச்சைக் காமிச்சுப் பேசுவாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பிள்ளைங்களைப் பஸ்ல கூட்டிட்டுப் போய் அந்தக் கூடத்துல நிஜப் படத்தைக் காமிப்பாங்க. கடைசில ஸ்கூலுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமை அங்க ஓவிய வகுப்பு. கார் ஸ்கூல் வாசலுக்கே வரும். வர்ணம், தாளு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவங்களது. பெத்தவங்க கூட வரலாம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஏற்பாடுதான். எங்க தாளாளரோட பேத்தி சம்யுக்தா என் கிளாஸ்லதான் படிக்கிறா. முதல் ரேங்க். கேட்ட நிமிஷமே நான் மனசுக்குள்ள அந்த இடத்தை அவளுக்கு எழுதி வச்சிட்டேன்.

அந்தப் பொண்ணு கொண்டு வந்த படத்துல ஒரு பொம்பளை ஜன்னலோரம் உட்காந்து பூக் கட்டுறா. அவ்வளவுதான் படம். இது என்ன கேக்குதுன்னா, "இதுல உங்களுக்கு என்ன தெரியுது? எது வேணா சொல்லலாம், தப்பான பதிலே கிடையாது"ங்குது.

தப்பான பதிலே கிடையாதுன்னா நான் எதுக்குங்க? என் சிவப்பு மைப் பேனா எதுக்கு?

பிள்ளைங்க பூரா என் முகத்தைப் பாக்குதுங்க. பாக்கத்தானே செய்யும், பதில் அங்கதானே இருக்கு. நான் மெல்ல உதட்டை அசைச்சு சம்யுக்தாவுக்கு எடுத்துக் குடுக்கறேன். அதுக்குள்ள கடைசி வரிசையில, தொடப்பம் வச்சிருக்கற மூலையிலேருந்து ஒரு குரல். "அந்தம்மா பூவைப் பாத்துக் கட்டலைங்க. வாசலைப் பாத்துக்கிட்டே கட்டுறாங்க. யாரோ வரணும் போல."

செவ்வந்தி. நான் 'மண்ணு'ன்னுதான் கூப்புடுவேன். அன்பாத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பன் வீரமலை வெங்காய மண்டியில மூட்டை தூக்குறவன். அம்மா செத்து மூணு வருஷமாச்சு. அந்தப் பிள்ளை அப்பன் கூடவே மண்டியில கெடந்துட்டுக் காலைல நேரா ஸ்கூலுக்கு வரும். பக்கத்துல நிக்க முடியாதுங்க, அம்புட்டு வெங்காய வாடை. மத்த பிள்ளைங்களோட நன்மைக்காகத்தான் அதைக் கடைசில உட்கார வச்சது. படிப்பா? எழுத்துக் கூட்டி மெதுவாப் படிக்கும். கேட்டதுக்குப் பதில் சொல்லாது, கேக்காததுக்குச் சொல்லும். பாடம் நடத்தறப்போ, "டீச்சர், போர்டு மேல பல்லி முட்டை வச்சிருக்கு"ங்கும். நிமிர்ந்து பாத்தா வச்சிருக்கும். அது வேற விஷயம். பாடத்துல பல்லி உண்டா?

அந்தத் தாரிணிக்கு முகமெல்லாம் பல்லு. எந்திரிச்சு அதுக்கிட்டயே போயி உட்காந்துருச்சு. வாடையே தெரியல போல. "அப்புறம்? இன்னும் என்ன தெரியுது?"ன்னு அரைமணி நேரம் அதுக்கிட்டயே பேச்சு. சம்யுக்தா கை தூக்கிக்கிட்டே நிக்கிறா, கை வலிச்சு இறக்கிட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்க என்ன இருக்கு, எரிஞ்சுது.

சரி, போகட்டும்னு நான் என் வேலையைப் பாத்தேன். ஒரு மாசம் இருக்கே. படத்தைப் பத்தி எட்டு வரி நானே எழுதினேன். சும்மா இல்ல, ரெண்டு நாள் உட்காந்து எழுதினேன். 'இந்தப் படத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஜன்னலருகே அமர்ந்து பூத்தொடுக்கிறாள். அவள் முகத்தில் சாந்தம் தவழ்கிறது.' இப்படிப் போகும். கடைசி வரி, 'இத்தகைய படங்கள் நமக்குப் பொறுமையைப் போதிக்கின்றன.' நல்லா இருக்கில்ல? தினம் பிரேயர் முடிஞ்சதும் பத்துத் தடவை. சம்யுக்தா முன்னால நின்னு சொல்லுவா, மத்தது திருப்பிச் சொல்லும். ஒரு மாசத்துல தூங்கறப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மாதிரி ஆக்கிட்டேன். செவ்வந்தியை மட்டும் வாயைத் திறக்காதேன்னு சொல்லி வச்சிருந்தேன்.

பஸ் வந்த அன்னிக்கு அதோட யூனிஃபார்ம்ல தோள்பட்டை கிழிஞ்சிருந்துச்சு. ஸ்கூல் மானம் போயிருமேன்னு அதை மட்டும் கிளாஸ்லயே இருக்கச் சொல்லிட்டேன். இருக்கேன்னுச்சு. அழக்கூட இல்ல. அந்தத் தாரிணி பஸ்ல ஏறித் தலையை எண்ணுது. முப்பத்தேழு. விறுவிறுன்னு எறங்கிப் போயி அதைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து தன் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிச்சு. கிழிசல்ல ஒரு ஊக்குக் குத்தி விட்டுச்சு. அம்புட்டுப் பேர் முன்னால எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போறதுல எனக்குன்னு ஒரு முறை உண்டு. எந்த டூர் போனாலும் ஒரு நைலான் கயிறு எடுத்துட்டுப் போவேன். முப்பத்தெட்டு முடிச்சு. பிள்ளைக்கு ஒரு முடிச்சு, விடக் கூடாது. இன்னொரு கை உதட்டு மேல. கண்ணு அங்க இங்க அலையக் கூடாது, என் முகத்துலயே இருக்கணும். அப்பத்தான் தொலையாதுங்க, எதையும் தொடாதுங்க. அன்னிக்கும் அப்படித்தான் ஹால் ஹாலாக் கூட்டிட்டுப் போனேன். சுவரு நெறையப் படம். ஒரு பிள்ளை தலை திருப்பலையே! காவலுக்கு நிக்கிற ஆளு, "இப்படி ஒரு ஸ்கூலை நான் பாத்ததில்லம்மா"ன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு.

நடு ஹால்ல நாற்காலி போட்டுக் கல்வி ஆபீசரு, அந்தக் கூடத்து மேனேஜரு, எங்க தலைமையாசிரியர் கோபாலரத்தினம் சார், நாலஞ்சு பெரிய மனுஷங்க. பெரிய படத்துக்கு முன்னால நிறுத்தினேன். அந்தத் தாரிணி என்னமோ சொல்ல வந்துச்சு, "டீச்சர், ஒரு நிமிஷம்"னுச்சு. நான் விடுவேனா? ஆபீசர் காத்துக்கிட்டு இருக்காரு. சம்யுக்தாவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அவ முன்னால வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கிட்டு எட்டு வரியையும் கணீர்னு சொன்னா. அப்புறம் முப்பத்தாறும் சேர்ந்து சொல்லுச்சு. ஹாலே அதிர்ந்துச்சு. ஒரு சொல்லு தப்பல. சத்தியமாச் சொல்றேன், என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஒப்பிப்புக் கேட்டதில்ல. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

யாரும் கை தட்டல. ஆபீசர் படத்தைப் பாக்கறாரு, பிள்ளைங்களைப் பாக்கறாரு. "எங்கம்மா இருக்கா அந்தப் பொண்ணு?"ன்னு சம்யுக்தாவைக் கேட்டாரு. அவ திரும்பியே பாக்காம பின்னால கையை நீட்டி, "இங்க சார்"னா. நான் அப்பத்தாங்க படத்தையே பாத்தேன்.

அது வேற படம்.

பூக் கட்டுற பொம்பளையைப் பழுது பாக்கக் கழட்டி எடுத்துட்டாங்களாம், முந்தின நாளு. அதுக்குப் பதிலா வேற ஹால்ல இருந்ததைக் கொண்டு வந்து அந்த எடத்துல மாட்டியிருக்காங்க, தண்ணி வத்திப்போன ஆறு. ஒரே மணலு. நடுவுல ஒரு பரிசலைக் கவுத்துப் போட்டிருக்கு. பொம்பளையும் இல்ல, ஜன்னலும் இல்ல. படத்தை மாத்தினவன் முன்கூட்டிச் சொல்ல வேணாமா? அதை யாராவது கேட்டாங்களா? இல்ல. சிரிச்சாங்க. முதல்ல மேனேஜரு, அப்புறம் ஆபீசரு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "படத்தை மாத்தினா பதிலையும் மாத்தணும்ல டீச்சர்"னாரு. கோபாலரத்தினம் சார் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. முப்பத்தொரு வருஷம்ங்க. அந்த ஒரு சிரிப்புல போச்சு.

சிரிப்பு அடங்கறதுக்குள்ள இது, இந்த மண்ணு, முடிச்சை விட்டுட்டு முன்னால வருது. ஆபீசர்கிட்ட, "சார், அந்தப் பரிசலுக்கு அடியில ஒரு ஆளு படுத்திருக்காரு"ங்குது. எங்கன்னு கேட்டாரு. "அதோ, ரெண்டு காலு தெரியுது பாருங்க. பாதம் மட்டும். ரொம்ப அசந்து தூங்குறாரு. எங்கப்பாவும் மண்டியில வெயிலுக்கு சாக்கைப் போத்திக்கிட்டு இப்படித்தான் படுப்பாரு, காலு மட்டும் வெளிய கெடக்கும்"னுச்சு. ஆபீசர் குனிஞ்சு பாக்கறாரு. மேனேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பாக்கறாரு. இருக்கு. மணலு நெறத்துலயே ரெண்டு பாதம். "நாலு வருஷமா இதைத் தெனம் பாக்கறேன், எனக்கே தெரியலையே"ன்னாரு மேனேஜர். இப்பக் கை தட்டறாங்க. என்னைப் பாத்துச் சிரிச்ச அதே ஆளுங்க அதுக்குக் கை தட்டறாங்க. அங்கேயே முடிவு பண்ணிட்டாங்க, எங்க ஸ்கூலுக்கு செவ்வந்திதான்னு.

நீங்களே சொல்லுங்க. அது கெட்டிக்காரத்தனமா? டீச்சர் அவமானப்பட்டு நிக்கிறப்ப, முடிச்சை விடாதேன்னு சொன்ன கயிறை விட்டுட்டு, வாயைத் திறக்காதேன்னு சொன்ன வாயைத் திறந்து பேசறது கெட்டிக்காரத்தனமா? என்னை எல்லாரும் பாத்துச் சிரிச்சதே அதாலதான்னு நான் சொல்ல வரல. ஆனா அது பேசினப்புறம்தான் அந்தச் சிரிப்பு நிலைச்சுப் போச்சு. மறுநாளே கோபாலரத்தினம் சார் கூப்புட்டு, "இந்த வருஷம் விருதுக்கு வேண்டாம் டீச்சர், ஆபீசருக்கு இன்னும் அந்த ஞாபகம் இருக்கும்"னுட்டாரு.

நான் அடிக்கலைங்க. அதை மொதல்ல சொல்லிடறேன். எவ்வளவு ஆத்திரம் இருந்தும் நான் கை வைக்கல. இப்பெல்லாம் அடிக்கவும் கூடாது. பிள்ளைங்களுக்கு அந்தக் கூடத்துல அந்தப் பரிசல் படத்தைக் கார்டு மாதிரி அச்சடிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்திருந்தாங்க. அதுல ஒண்ணை எடுத்து செவ்வந்தியோட முகத்துக்கு முன்னால சுவத்துல ஒட்டினேன். கிளாசைப் பாக்கத் திருப்பி முட்டி போடச் சொல்லல, சுவத்தைப் பாத்துத்தான். "இதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டேன்.

"பரிசல் இருக்கு டீச்சர்."

"தப்பு. நாம படிச்சது என்ன?"

"இதுல பொம்பளை இல்லையே டீச்சர்."

"நல்லாப் பாரு. தெரியற வரைக்கும் பாரு."

முதல் நாள் பூரா பரிசல் பரிசல்னுச்சு. மத்தியானம் சோத்துக்கு விட்டேன், அதையெல்லாம் மறுக்கிற ஆளில்ல நான். ரெண்டாம் நாளு ஒண்ணும் பேசல. முட்டி வீங்கியிருந்துச்சு போல, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. மத்த பிள்ளைங்களையும் பாடம் நடுவுல அப்பப்ப கேக்கச் சொல்லியிருந்தேன். "மண்ணு, என்ன இருக்கு?"ன்னு முப்பத்தேழும் சேர்ந்து கேக்கும். அதுங்களுக்கு விளையாட்டு மாதிரி ஆயிருச்சு. மூணாம் நாளு சாயங்காலம் மணியடிக்கக் கால் மணி இருக்கறப்போ, நான் கேக்கவே இல்ல, அதுவாவே சொல்லுச்சு. கார்டைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "ஒரு பெண் இருக்கிறாள் டீச்சர். பூத்தொடுக்கிறாள்."

"முகத்துல என்ன இருக்கு?"

"சாந்தம் டீச்சர்."

கிளாசையே கை தட்டச் சொன்னேன். ஒரு தேன்மிட்டாய் குடுத்தேன். நான் மனசுல வச்சிக்கிட்டுப் பழி வாங்கற ரகம் இல்லைங்க. அன்னிக்கே அதை மூலையிலேருந்து எடுத்து மூணாவது வரிசையில உட்கார வச்சேன். வாடையைப் பொறுத்துக்கிட்டேன்.

இந்தாங்க, கடலை மிட்டாய் சாப்புடுங்க. கூச்சப்படாதீங்க.

அடுத்த வாரம் ஓவியக்கூடத்துலேருந்து கடுதாசி வந்துச்சு, பெத்தவங்க சம்மதம் கேட்டு. இருவதாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வீரமலைக்குப் படிக்கத் தெரியாது. எந்தத் தாள் வந்தாலும், ரேஷனு, கரென்ட்டு ஆபீசு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு என்கிட்டத்தான் வருவான். அவன் மட்டும் இல்ல, அந்தத் தெருவுல பாதிப் பேரு அப்படித்தான். நானும் சலிக்காமப் படிச்சுச் சொல்லுவேன். அவன் பொண்டாட்டி செத்தப்போ ஆஸ்பத்திரியில குடுத்த தாளைக்கூட நான்தான் படிச்சுச் சொன்னேன். வாசல்ல துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிப்பான். "உங்க வாயால கேட்டாத்தான் டீச்சர் எனக்கு நம்பிக்கை"ம்பான்.

அன்னிக்கும் வந்தான். மகளைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தாரிணி ஏதோ சொல்லி வச்சிருக்கு போல. "பாப்பாவைக் கார்ல கூட்டிட்டுப் போவாங்களாமே டீச்சர், படிச்சுச் சொல்லுங்க"ன்னு கடுதாசியை நீட்டினான்.

நான் படிச்சேன்.

எப்படிப் படிச்சேன்னுதான் இப்பக் கேள்வி. நான் அந்தக் கடுதாசியைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சேங்க. தாயில்லாப் பொண்ணு. ஒம்பது வயசு. திருச்சி. அந்தக் கூடத்துல துணியில்லாத பொம்பளைச் சிலை ரெண்டு இருக்கு, நானே பாத்தேன், பிள்ளைங்க கண்ணுல படாம கயிறைத் திருப்பித்தான் கூட்டிட்டு வந்தேன். இன்னிக்கு சிலையைப் பாக்கும், நாளைக்கு என்ன ஆகும்? பின்னால நடக்கப் போறதைத்தான் நான் முன்னாலயே படிச்சேன். பொம்பளைப் பிள்ளைங்களை நிக்க வச்சு ஆம்பளைங்க பாத்து வரைவாங்க, கதவைச் சாத்தித்தான் வகுப்பு நடக்கும், பெத்தவங்க உள்ள வரக் கூடாது, என்ன நடந்தாலும் கூடம் பொறுப்பில்ல. இப்படிப் படிச்சேன். நிறுத்தி நிதானமா, எப்பவும் படிக்கற மாதிரியே படிச்சேன்.

அவன் முகம் செத்துப் போச்சு. "அப்படியா டீச்சர் போட்டிருக்கு?"ன்னான். "நானா எழுதினேன்? இதோ இருக்கே"ன்னு காமிச்சேன். அவனுக்குத் தாளு ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு, அவ்வளவுதான் தெரியும். மகளைக் குனிஞ்சு பாத்து, "ஏம் பாப்பா, அப்படியா இருக்கு? நீ பாரு"ன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் திக்குனு ஆச்சு. அதுக்குப் படிக்கத் தெரியுமே. மெதுவாத்தான், ஆனா தெரியும். நான்தானே சொல்லிக் குடுத்தேன். கடுதாசியை அதுக்கிட்ட குடுத்தேன். குடுக்காம இருந்தா சந்தேகம் வந்துருமில்ல. அது ரெண்டு கையாலயும் வாங்கி முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வச்சு ஓட்டிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் என் முகத்தைப் பாத்துச்சு.

"ஆமாம்ப்பா, டீச்சர் படிச்ச மாதிரிதான் இருக்கு"ன்னுச்சு.

'விருப்பமில்லை'ன்னு நான் எழுதினேன், அவன் கைநாட்டு வச்சான். போறப்போ, "நீங்க மட்டும் இல்லைன்னா எம் புள்ளை கதி என்ன ஆயிருக்கும் டீச்சர்"னு என் காலைத் தொட வந்தான். வேணாம்னு தள்ளி நின்னுக்கிட்டேன்.

அந்தத் தாரிணி சும்மா இருந்திருக்கலாம். இருபத்தேழாம் தேதி வீட்டுக்கே போயிருச்சு, ஏன் வேணாம்னீங்கன்னு கேக்க. வீரமலை விரட்டியிருக்கான். கெட்ட வார்த்தைகூடச் சொன்னானாம். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே கடுதாசியோட நகலை எடுத்துப் படிச்சுக் காட்டியிருக்கு. அவன் நம்பல. மண்டியில கணக்கு எழுதறவரைக் கூப்புட்டுப் படிக்கச் சொல்லியிருக்கான். அப்புறம் எதிர்ல இருக்கற மருந்துக்கடைக்காரரை. மூணு பேரு மூணு தடவை படிச்சப்புறம்தான் நம்பியிருக்கான். பாருங்க, என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை.

ஆனா தேதிதான் தாண்டிருச்சே. அந்த இடத்தை வேற ஸ்கூல் பையனுக்குக் குடுத்தாச்சு. திரும்பக் கிடைக்காதுன்னு அந்தத் தாரிணியே சொல்லிருச்சு.

மறுநாள் வீரமலை, அவன் மக, அந்தத் தாரிணி மூணு பேரும் தலைமையாசிரியர் ரூமுக்கு வந்தாங்க. நான் நெனச்சேன், வீரமலை கத்துவான்னு. கத்தியிருந்தா எனக்கு வசதி, போலீசைக் கூப்புட்டிருக்கலாம். அவன் கத்தல. துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எப்பவும் நிக்கிற மாதிரியே வாசல்ல நின்னுக்கிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே டீச்சர் உங்ககிட்ட வந்தேன்"னான். அதையே மறுபடி சொன்னான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல அவனுக்கு. அத்தனை பேர் முன்னால அப்படி என்னைக் கேக்கலாமா? அவன் பொண்டாட்டி சாவுச் சீட்டைப் படிச்சவ நானு.

கோபாலரத்தினம் சார் அந்தப் பிள்ளையைக் கிட்டக் கூப்புட்டாரு. "நீ கடுதாசியைப் படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"சனிக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு கார் வரும்னு இருந்துச்சு. பன்னெண்டு வர்ணம் தருவாங்கன்னு இருந்துச்சு. அப்பாவும் கூட வரலாம்னு இருந்துச்சு. மத்தியானம் சோறும் போடுவாங்கன்னு இருந்துச்சு." ஒண்ணு விடாமச் சொல்லுச்சு. ஒரு தடவை படிச்சது!

அந்தத் தாரிணி தரையில மண்டி போட்டு அதோட தோளைப் புடிச்சுக்கிச்சு. "பின்ன ஏம்மா அப்பாகிட்ட அதைச் சொல்லல? உனக்குப் போகணும்னு ஆசையில்லையா?"

"ஆசைதான்க்கா."

"அப்புறம் ஏன்?"

 அது பாடம் சொல்ற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிமிர்ந்து நின்னு சொல்லுச்சு. "எனக்குத் தெரியறது இருக்காதுக்கா. டீச்சர் சொல்றதுதான் இருக்கும். மூணு நாள் பாத்துக் கத்துக்கிட்டேன்."

 அந்தத் தாரிணி எந்திரிச்சு வெளியே போயிருச்சு. வீரமலை சுவத்துல தலையை வச்சுக்கிட்டான். கோபாலரத்தினம் சார் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சுங்க. ரெண்டு மாசம் முன்னாடி தொடப்பத்துக்குப் பக்கத்துல உட்காந்து பல்லி முட்டையைப் பாத்துக்கிட்டு இருந்த பிள்ளை. எவ்வளவு அடக்கமா, எவ்வளவு தெளிவாச் சொல்லுச்சு. இப்பெல்லாம் புத்தகத்துல ஒரு படம் வந்தாக்கூட என்கிட்ட வந்து, "இதுல என்ன இருக்கு டீச்சர்?"னு கேட்டுட்டுத்தான் பாக்குது. ஒரு பிள்ளையை இப்படிக் கொண்டு வர்றது சாமானியமா?

அதைத்தான் இந்தக் கவருக்குள்ள எழுதியிருக்கேன். நாலு பக்க விளக்கத்துல கடைசி பாராவா, அது சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு எழுத்து மாத்தாம போட்டிருக்கேன். ஒரு மாணவி தன் ஆசிரியையைப் பத்தி இதை விட என்ன சொல்லிட முடியும்?

அட, என்ன நீங்க, கண்ணைத் துடைக்கிறீங்க? பாருங்க, முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கே இப்படி இருக்கு. படிச்சுப் பாத்தா ஆபீசரும் இப்படித்தான் கலங்கிப் போவாரு.